300 கோரிக்கைகளா, நேரடி கமிட்டா?

கேள்வி: ஃபெடோரா லினக்ஸில் சுமார் 300 பொதிகளின் (மென்பொருள் தொகுப்புகளின்) ஸ்பெக் கோப்புகளில், அதாவது பொதியை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் கோப்புகளில், பேட்ச் மேக்ரோ (மூலநிரலில் திருத்தங்களைப் போடும் கட்டளை) பழைய முறையில், எண்ணை ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது. பொதிகளை உருவாக்கும் கருவியான ஆர்பிஎம் 4.20 அதை ஏற்பதில்லை. ஏறக்குறைய எல்லாப் பொதிகளிலும் எழுதும் புரூவன்பேக்கேஜர் உரிமை எனக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தை ஏற்கும்படி பராமரிப்பாளரைக் கேட்கும் கோரிக்கை) அனுப்புவதா, நானே கமிட் செய்து (களஞ்சியத்தில் பதிந்து) நேரடியாகத் திருத்துவதா?

பதில்: நேரடியாகத் திருத்துங்கள். இதில் பொதிக்குப் பொதி யோசிக்க என்ன இருக்கிறது? திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பொதியிலும் பேட்சுகளைப் போட்டுப் பார்த்து, கிடைக்கும் மூலநிரல் இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு ஸ்கிரிப்ட்டே சொல்லிவிடும். 300 கோரிக்கைகள் என்றால் 300 அறிவிப்புகள். பல பராமரிப்பாளர்கள் திறந்தே பார்க்க மாட்டார்கள். அதற்குள் யாராவது பதிப்பை உயர்த்தினால் ரிலீஸ் எண்ணும் சேஞ்ச்லாக்கும் (மாற்றங்களின் பட்டியலும்) மோதிக்கொள்ளும். (அவ்விரண்டையும் தானே உருவாக்கும் ஆர்பிஎம்ஆட்டோஸ்பெக்குக்கு மாறிய பொதிகளில் அந்தத் தலைவலி இல்லை.) முன்கூட்டியே பட்டியலோடு அறிவித்துவிடுங்கள். உடனே பில்ட் செய்ய வேண்டாம். எல்லாப் பொதிகளையும் மீண்டும் பில்ட் செய்யும் அடுத்த மொத்த மறுபில்டு பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் ஸ்பெக்கை வேறொரு களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு இங்கே நகலெடுப்பார்கள். உங்கள் திருத்தம் அடுத்த நகலிலேயே அழிந்துபோகும். அவர்களுக்கு மட்டும் அந்தக் களஞ்சியத்திலேயே கோரிக்கை அனுப்புங்கள்.

சார்புப் பொதியை மாற்றுவது, தோற்கும் சோதனையை நிறுத்திவைப்பது போன்றவை வேறு கதை. சோதனை ஏன் தோற்கிறது என்பது பராமரிப்பவருக்குத்தான் தெரியும். அங்கே புல் ரிக்வெஸ்ட்தான் முறை, ஆனால் கெடுவோடு. கெடு இல்லாத கோரிக்கை கிணற்றில் போட்ட கல். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு: பராமரிப்பாளர் அல்லாதவர் பதிவேற்றுவதைத் தாமத வரிசையில் 15 நாள்வரை நிறுத்திவைக்கலாம். உரியவர் அதற்குள் தடுக்கலாம். பேசாமல் இருந்தால் அது தானே உள்ளே போய்விடும். 32 பிட் நேரக் கணக்கு 2038-இல் நிரம்பிவிடும் என்ற சிக்கலுக்காக 2024-இல் நேர வகையை 64 பிட்டுக்கு மாற்றியபோது, டெபியனில் ஏராளமான நூலகப் பொதிகளின் பெயரையே மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொருவரின் சம்மதத்துக்கும் காத்திருந்தால் அது நடந்திருக்குமா?

கேள்வி: என் பொதியில் யாரோ கேட்காமலே கமிட் செய்துவிட்டார். கோபப்படலாமா?

பதில்: டிஃப்பை (எந்த வரிகள் மாறின என்ற பட்டியலை) படித்துவிட்டுக் கோபப்படுங்கள். பில்ட் உடைந்திருந்தால் தாராளமாகத் திருப்பிவிட்டு, காரணத்தைக் கமிட் செய்தியில் எழுதுங்கள். உடையவில்லை என்றால் உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.