டெல்லி வண்டி, மணாலி பனி: டயர் கேள்வி பதில்

(கேட்பவர்களை அவர்கள் இருக்கும் பகுதியின் பெயரால் குறித்திருக்கிறது.)

மயூர் விஹார்: சார், வண்டி பிரெஸ்ஸா, டயர் சைஸ் 215/60 ஆர் 16. நாலு டயரும் மாத்தணும். ஜனவரியில மணாலி, அதைத் தாண்டி சிஸ்ஸு போறோம். கடையில 'ஆல் சீசன்'னு ஒண்ணு காட்டுறாங்க, வாங்கலாமா?

கடைக்காரர் சொல்வதை விடுங்கள், டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். இங்கே ஆல் சீசன் என்று விற்பதில் பெரும்பாலானவை வெயிலுக்கும் மழைக்கும் செய்தவை. 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால், பட்டன்களுக்கு, அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டங்களுக்கு, நடுவே இடைவெளி அதிகம் என்று கம்பெனியே சொல்லிக்கொள்கிறது, அவ்வளவுதான். பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அது சான்று இல்லை. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்படிகம்: இந்தப் படம் இருந்தால்தான் சோதனையில் தேறிய டயர். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து இந்தப் படம் இல்லாததைப் பனி டயராகவே ஏற்பதில்லை.

விஷயம் ரப்பரில் இருக்கிறது. சாதா டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும், பிடிப்பு போகும். பனிக்கான ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும். பட்டன் மேலுள்ள மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும். அதற்காக முழுப் பனி டயர் வாங்கிவிடாதீர்கள். மே மாதம் 45 டிகிரி வெயிலில், தார் ரோட்டில் அது சீக்கிரம் தேயும், பிரேக் தூரமும் கூடும்.

படம் போட்ட ஆல் சீசன் உங்கள் சைஸில் கிடைத்தால் நாலும் அதுவே போடுங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமானதால் எல்லா சைஸிலும் எளிதில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும் புது டயர், கூடவே சக்கரத்தில் சுற்றி மாட்டும் பனிச் செயின் ஒரு செட். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் விடும், பனி விடாது. 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு மலை ஏறாதீர்கள். லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் எடைக்கான எண், வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது.

முக்கியமாக, உற்பத்தி வாரம். பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்: 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். டெல்லிக் கோடையில் குடோனில் வெந்த பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தருவார்கள், வாங்காதீர்கள்.

ஆர்.கே.புரம்: பட்ஜெட் கம்மி சார். முன்னாடி ரெண்டுக்கு மட்டும் பனி டயர் போட்டா?

கூடாது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். இறக்க வளைவில் பிரேக் தொட்டால் வண்டி அரைவட்டம் அடிக்கும். சாதாரணமாக இரண்டு மட்டும் மாற்றினாலும் புதியவை பின்னால்தான். பனிக்கு நாலும் ஒரே மாடல்.

துவாரகா: நைட்ரஜன் அடிச்சா குளிர்ல காற்று குறையாதாமே?

காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை அடித்தாலும் 5–6 டிகிரி குறைந்தால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். மேலே ஏறினால் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கேஜ் கொஞ்சம் கூட்டிக் காட்டும். மனக்கணக்கு வேண்டாம். அங்கே காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்து, கதவு ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். டெல்லி திரும்பியதும் மறுபடி.

குர்கான்: அண்ணே, நம்மகிட்ட மஹிந்திரா தார் வண்டி, ஃபோர் பை ஃபோர். இந்த டயர் ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு?

ஏறுவதற்கு ஃபோர் பை ஃபோர் உதவும், நாலு சக்கரமும் இழுக்கும். நிற்பதற்கு? எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. உங்கள் வண்டி கனம் வேறு.

குர்கான்: பனி விழுந்தா மணாலி தாண்டி சோலங்குக்கு மேல போலீஸே ஃபோர் பை ஃபோரை மட்டும்தானே விடுறாங்க?

ரோடு அடைக்காமல் வண்டி நகர வேண்டும் என்பதற்காக. இறக்கத்தில் நிற்கும் என்று போலீஸ் உத்தரவாதம் தரவில்லை, தம்பி.

நொய்டா: குர்கான்காரர் சொல்றது சரி. ஏ.டி., அதான் ஆல் டெரெய்ன், கரடுமுரடு பாதை டயர் போட்ட வண்டி பனியில எங்கேயும் நிக்காது.

நிற்காது, அதுதான் பிரச்சினையே. ஏ.டி. டயரின் பெரிய பட்டன் சேற்றையும் உதிரிப் பனியையும் வாரும். வண்டிகள் ஓடி இறுகிய பனியில், ஐஸில், அந்தக் கட்டை ரப்பர் சறுக்கும். பனிப்படிகப் படம் போட்ட ஏ.டி. டயர்களும் உண்டு, அவை வேறு. பூஜ்யத்தை ஒட்டிய ஐஸ்தான் மோசம், மேலே தண்ணீர்ப் படலம் நிற்கும். நண்பகல் உருகி, சாயங்காலம் உறைந்த நிழல் வளைவு தார் போலவே கறுப்பாகத் தெரியும்.

குர்கான்: ஏ.பி.எஸ். இருக்கேண்ணே!

பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுத்து, அது ஸ்டியரிங்கை உங்கள் கையில் வைத்திருக்கும். உதிரிப் பனியில் நிற்கும் தூரம் சில சமயம் கூடவே செய்யும். இரண்டாம் கியரில் இறங்குங்கள், இடைவெளி விடுங்கள். இந்த வாதம் இத்துடன் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

முனிர்க்கா: செயின் எந்த வீலுக்கு? எப்படி மாட்டறது?

இழுக்கும் வீலுக்கு. ஸ்விஃப்ட், பிரெஸ்ஸா, கிரெட்டா எல்லாம் முன்வீல். டயர் சைஸ் பார்த்து வாங்குங்கள். உங்கள் சைஸுக்குச் செயின் போடலாமா, இடம் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டில் முதலில் பாருங்கள். உள்பக்கக் கொக்கி முதலில், பிறகு வெளிப்பக்கம், பிறகு இறுக்கும் பட்டை. 50 மீட்டர் உருட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். இதை விட்டால் செயின் அவிழ்ந்து பிரேக் குழாயை அடிக்கும். வேகம் மணிக்கு 30–40 கிலோமீட்டர். தார் தெரிந்ததும் கழற்றுங்கள். டெல்லி பார்க்கிங்கிலேயே கையுறை போட்டு ஒருமுறை மாட்டிப் பழகுங்கள்.

ஸ்டெப்னி சின்ன சைஸ் என்றால் செயின் அதில் பொருந்தாது. முன்வீல் பஞ்சரானால் பின்வீலைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள்.

கரோல் பாக்: சார், நைட்ரஜன் நல்லதா?

துவாரகாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரோகிணி: பனியில காற்றைக் குறைச்சு ஓட்டலாமா? நைட்ரஜன்னா எவ்வளவு?

குறைக்காதீர்கள், அது மணலுக்கு. நைட்ரஜன்: மேலே.

ஜனக்புரி: தம்பி, வண்டி அதிகம் ஓடல. பட்டன் 7 மில்லிமீட்டர் இருக்கு, டயருக்கு வயசு ஆறு. போகலாமா?

வேண்டாம்மா. ஆழம் இருக்கிறது, ரப்பர் செத்துவிட்டது. நகத்தால் அழுத்தினால் கல்லாக இருக்கும், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புத் தெரியும். மாற்றுங்கள். புதியதிலும் உற்பத்தி வாரத்தைப் பாருங்கள்.

பஸ்சிம் விஹார்: ராத்திரி நிறுத்தினா டீசல் உறையுமா? ஹேண்ட்பிரேக்?

டீசலை உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஹேண்ட்பிரேக் ஈரத்தோடு உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் விட்டு, வீலுக்குக் கல் வையுங்கள். காலையில் கண்ணாடி ஐஸுக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.