குளிர்ந்த கையும் ஒரு நல்ல படிப்பும்

வணக்கம் அம்மா. மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்காத வருத்தம் உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் அவள் ஆசையோடு கேட்கும் பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி (மூளை, நரம்புகளின் மின்செயலைப் பதிவு செய்து அளக்கும் துறை) படிப்பை ‘மெஷின் சுவிட்சைப் போடும் வேலை’ என்று எழுதிவிட்டீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஈஈஜி என்ற பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தலைத்தோலில் கிடைக்கும் மூளையின் மின் அலை பெரும்பாலும் நூறு மைக்ரோவோல்ட்டைக்கூடத் தாண்டாது. இதயத்தின் ஈசிஜி அலையோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை நாடாவால் அளந்து, முடியை வகிர்ந்து, தோலைத் துடைத்து, பசை வைத்து அலையைப் பிடிக்கும் மின்முனைகளை (எலக்ட்ரோடு) ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். ஒன்று சரியாக ஒட்டாவிட்டாலும் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பதிவில் புகுந்துகொள்ளும். வலிப்பு வந்த குழந்தை அழுது புரளும்போதும் இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

அடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தியைக் கடத்துகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையைப் பாருங்கள். மணிக்கட்டில் தோலின் மேலேயே சிறு மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் தசையில் பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அளக்கிறார்கள். முழங்கையிலும் தூண்டி, இடைப்பட்ட தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். நல்ல நரம்பு முன்கையில் வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் அல்லது அதற்கும் மேல் ஓடும். ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் அதே நரம்பு மெதுவாக ஓடும். தொழில் தெரிந்தவர் முதலில் கையைத் தொட்டுப் பார்த்துச் சூடேற்றுவார். தெரியாதவர் அப்படியே அளந்து, இல்லாத நோயைத் தாளில் ஏற்றிவிடுவார். மருத்துவர் நம்புவது அந்தத் தாளைத்தான். இது சிறிய பொறுப்பா, சொல்லுங்கள்!

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலில் இந்தப் பட்டம் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்திலும் இத்துறையில் படிப்பு உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். கணக்கிலும் இயற்பியலிலும் அவளுக்கு நாட்டம் அதிகம் என்றால், இந்தக் கருவிகளை வடிவமைக்கும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கையும் யோசிக்கலாம்.

பணம் கட்டுமுன் கல்லூரிக்கு நேரில் போங்கள். சொந்த மருத்துவமனையும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றனவா, மாணவர்கள் தங்கள் கையாலேயே எத்தனை ஈஈஜி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். விளம்பரத் தாளை நீட்டிப் பதிலை மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மகளையும் கூடவே அழைத்துப் போங்கள் அம்மா; கேள்விகளை அவளே கேட்கட்டும்.