மெனோனைட் சபையில் லெந்து காலம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆங்கிலிக்கன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். கனடாவின் வின்னிபெக் நகரில் 14 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். அந்த ஆண்டுகள் முழுவதும் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த மெனோனைட் சபைதான் எனக்குத் தாய்வீடு. விசுவாசத்தை அறிக்கையிட்ட பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும், சீர்திருத்தக் காலத்தில் பிறந்த சபை அது. டர்பனுக்குத் திரும்பிய பிறகு, எங்கள் தமிழ் ஜெபக்குழுவில் அந்தச் சபையின் லெந்து காலத்தை, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தைப் பற்றி ஒருநாள் மாலை பேசினேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"மெனோனைட்டுகள் லெந்து அனுசரிப்பதே இல்லை என்கிறார் எங்கள் போதகர். நீங்களோ ஆறு வாரமும் அனுசரித்தோம் என்கிறீர்கள். எது சரி அக்கா?" (சாட்ஸ்வொர்த்)

இரண்டும் சரி. உங்கள் போதகர் சொல்வது பழைய வழக்கம், நான் பார்த்தது பிற்கால வழக்கம்.

1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில், ஜூரிக் நகரத்து அச்சகக்காரர் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷாவரின் வீட்டில் சிலர் கூடி சாசேஜ் சாப்பிட்டார்கள். லெந்து நாளில் இறைச்சி உண்பது அன்று சட்டப்படி குற்றம். அதே வீட்டில் உட்கார்ந்திருந்த குருவானவர் ஸ்விங்லி தாம் சாப்பிடவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துப் பிரசங்க மேடையில் ஏறி, உணவு விஷயத்தில் விசுவாசிக்குச் சுதந்திரம் உண்டு என்று பேசினார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் இப்படி ஒரு நோன்பு மீறலில்தான் சூடு பிடித்தது. அவரிடம் பாடம் கேட்ட இளைஞர்கள் அவரையும் தாண்டிப் போனார்கள். 1525 ஜனவரி 21 இரவு ஃபீலிக்ஸ் மான்ஸின் வீட்டில் கூடி, விசுவாசத்தை அறிக்கையிட்ட பெரியவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதற்காக இரண்டு வருடத்துக்குள் ஜூரிக் நகர மன்றம் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. 1536இல் குருப்பட்டத்தைத் துறந்து இந்த மக்களோடு சேர்ந்த ஃப்ரீஸ்லாந்துக்காரர் மெனோ சைமன்ஸ். அவர் பெயரே பிற்பாடு சபைக்கு நிலைத்தது.

அரசாங்கம் கட்டளையிட்ட நோன்பை உதறி வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். நெடுங்காலம் லெந்து அவர்களுக்கு வேண்டாத பொருளாகவே இருந்தது. பெரிய வெள்ளியையும் ஈஸ்டரையும் விடவில்லை. ஆனால் சாம்பல் புதன், ஊதாத் துணி, நாற்பது நாள் என்ற கணக்கெல்லாம் கிடையாது. வட அமெரிக்கச் சபைகள் பலவற்றில் இவை திரும்பி வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இன்றும் எல்லாச் சபைகளும் அனுசரிப்பதில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல், விரும்பி எடுத்துக்கொண்ட லெந்து இது. எனக்கு அது பெரிய விஷயமாகப்படுகிறது.

"நெற்றியில் சாம்பல் பூசுவார்களா?" (ஸ்டேஞ்சர்)

சில சபைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. எங்கள் சபையில் விரும்பினவர்கள் முன்னே போய்ப் பூசிக்கொண்டார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே ஜெபித்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"புரட்டாசி மாதம் எங்கள் தெருவே கறி மீன் தொடாது. லெந்து காலத்தில் மெனோனைட்டுகள் என்ன விடுவார்கள்? எனக்குக் கறியை விடுவது கஷ்டமே இல்லை, பழகிவிட்டது." (ஃபீனிக்ஸ்)

அம்மா, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது. நம் டர்பன் தமிழர்கள் நோன்பில் தேர்ந்தவர்கள். காவடிக்கு விரதம், புரட்டாசிக்கு விரதம், கிறிஸ்தவ வீடுகளிலும் லெந்து வெள்ளிக்கிழமைகளில் பருப்பும் கீரையும்தான். அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். என் மாமியார் புரட்டாசி முழுவதும் தனிப் பாத்திரம் வைத்துச் சமைத்தவர்.

வின்னிபெக்கில் விதி என்று எதுவும் இல்லை. அவரவர் ஒன்றை விடுவார்கள், அல்லது ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் புதன்கிழமை மாலைகளில் சபை முழுவதும் கூடி ஒரே சாப்பாடு சாப்பிடும். ஒரு சூப், ஒரு ரொட்டி, தண்ணீர். அந்த வேளைக்கு வீட்டில் ஆகியிருக்கக்கூடிய செலவை வாசலில் இருக்கும் தகர டப்பாவில் போட வேண்டும். அந்தப் பணம் மெனோனைட் மத்தியக் குழுவின் பசிப்பிணி நிவாரணத்துக்குப் போகும். அந்தக் குழு 1920இல் தொடங்கியதே தெற்கு ரஷ்யாவில், இன்றைய உக்ரைனில், தங்கள் சொந்த மக்கள் பட்டினி கிடந்ததால்தான். அந்தப் பஞ்சத்தைத் தாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் சபையிலேயே இருந்தார்கள். ஒரு முதியவர் தட்டில் விழுந்த ரொட்டித் துணுக்குகளை ஈர விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். முதல் வருடம் அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பாட்டி சோற்றுப் பருக்கையை அப்படித்தான் எடுப்பாள்.

கறியை விடுவது உங்களுக்கு எளிது என்றால் அதை விடுவதால் உங்களுக்குள் எதுவும் அசையாது. எதை விட்டால் இன்னொருவர் வயிறு நிறையுமோ அதை விட்டுப் பாருங்கள். ஏசாயா 58ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள்.

"பெரிய வியாழன் அன்று ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்களாமே? ஆண்களும் பெண்களும் சேர்ந்தா? கூச்சமாக இருக்காதா?" (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கூச்சமாகத்தான் இருக்கும். யோவான் 13ஆம் அதிகாரத்தில் பேதுருவே கூசினாரே.

மெனோனைட்டுகள் இதை வெறும் நாடகமாகச் செய்வதில்லை. 1632இல் டோர்ட்ரெக்ட் நகரில் எழுதிய விசுவாச அறிக்கையில் பாதம் கழுவுதலுக்குத் தனிப் பிரிவே உண்டு. பல சபைகளில் திருவிருந்தோடு சேர்த்து நடக்கும், சிலவற்றில் பெரிய வியாழன் அன்று மட்டும். வழக்கமாகப் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், இருவர் இருவராக. கழுவி முடித்ததும் இருவரும் எழுந்து அணைத்துக்கொள்வார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் நான்காவது லெந்து அது. சபைச் சமையலறையில் நான் ஒரு விருந்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். மறுநாள் ஒரு சகோதரி, பலர் கேட்க, "இந்த வாசனை திரைச்சீலையிலிருந்து போகவே போகாது" என்று சொல்லிவிட்டார். நான் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு அவரோடும் பேசவில்லை. மூன்று மாதம் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே பாட்டைப் பாடி, முகம் பார்க்காமல் எழுந்து போனோம்.

அந்த வியாழன் மாலை எனக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஓர் எனாமல் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து, அறுபது வயதுக்கு மேல் ஆகியிருந்தும் முழங்காலில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து நேராக வந்திருந்தேன். என் குதிகால் முழுவதும் வெடிப்பு. சுண்டுவிரலில் கால் ஆணி. அவர் உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி, வெடிப்பின் மேல் மெதுவாக விட்டார். "சூடு போதுமா?" என்று கேட்டார். பிறகு இரண்டாம் விரலில் கிடந்த மெட்டியைக் கழற்றாமல், அதன் அடியில் துண்டின் நுனியை நுழைத்து ஈரத்தை ஒற்றினார். அது என்ன வளையம் என்று கேட்டார். என் மாமியார் கல்யாணத்தன்று போட்டுவிட்டது என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிறகு நாங்கள் இடம் மாறினோம். அவர் காலுறையைக் கழற்றும்போது என் கை நடுங்கியது.

மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. ஆனால் காலைப் பிடித்துக் கழுவின பிறகு ஒருவரைப் பார்த்து முகம் திருப்ப முடியாது. எனக்கு முடியவில்லை.

பழைய சபைகளில் இதற்கு முன்னே இன்னொரு படி இருந்தது. திருவிருந்துக்குச் சில நாள் முன்னால் சபை கூடும். ஒவ்வொருவரும், "நான் தேவனோடும் சபையோடும் சமாதானமாக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் போய் ஒப்புரவாகி வர வேண்டும். சபைக்குள் பெரிய பிளவு இருந்தால் விருந்தே தள்ளிப்போகும். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போகச் சொல்லும் வசனத்தை அவர்கள் எழுத்துப்படி எடுத்துக்கொண்டார்கள். மெனோனைட் லெந்து எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: மேஜைக்கு வருமுன் ஒப்புரவாவதற்கு.

"வாத்தியம் இல்லாமலா பாடுவார்கள்? நம் கீர்த்தனைகளுக்கு அங்கே இடம் உண்டா?" (டொங்காட்)

பல சபைகளில் பியானோ உண்டு. ஆனாலும் நான்கு குரல்களாகப் பிரிந்து வெறும் வாயால் பாடுவதில்தான் அவர்களுடைய உயிர். ஜெர்மனியின் பாசாவு கோட்டை நிலவறையில், மறுஞானஸ்நான விசுவாசத்துக்காக 1535 முதல் 1540 வரை அடைபட்டுக் கிடந்தவர்கள் இயற்றிய பாடல்களை, மெனோனைட்டுகளின் உறவுச் சபையான ஆமிஷ் மக்கள் இன்னும் பாடுகிறார்கள், அதுவும் மிக மெதுவாக. நான்கு சரணத்துக்கு இருபது நிமிடம்கூட ஆகும். விளம்ப காலத்தில் இழுத்து நாம் பாடும், கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய கீர்த்தனைகள் அவர்கள் காதுக்கு அந்நியமாகவே இருக்காது. நான் ஒருமுறை பெரிய வெள்ளியன்று தமிழில் பாடினேன். இரண்டாம் சரணத்தில் யாரோ ஆண்குரலில் கீழ்ச்சுருதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நம் இனத்தாருக்கும் மெனோனைட்டுகளுக்கும் பழைய தொடர்பு ஏதாவது உண்டா?" (டர்பன்)

தெலுங்கர் வழியாக ஓர் இழை உண்டு. ரஷ்ய மெனோனைட்டான ஆபிரகாம் ஃப்ரீசன், அமெரிக்க பாப்டிஸ்ட்டுகளின் தெலுங்கு மிஷனோடு இணைந்து நல்கொண்டாவில் ஊழியம் செய்தவர். அதே தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகளிலிருந்துதான் 1903இல் ஜான் ரங்கையா டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்து, கெர்ஸ்னி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் நடுவே சபை தொடங்கினார்.

"2021 ஜூலைக்குப் பிறகு எங்கள் பகுதியில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் ஒரே மேஜையில் உட்காரவில்லை. லெந்து கூட்டத்துக்கு அவர்களையும் அழைக்கலாமா? என்ன பேசுவது?" (ஃபீனிக்ஸ், ஒரு தம்பி)

தம்பி, இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுத உட்காரவில்லை.

2021 ஜூலையில் நம் மாகாணத்தில் கலவரமும் கொள்ளையும் நடந்த அந்த நாட்களில், ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். நம் மக்கள் பயந்துபோயிருந்தார்கள் என்பதும் உண்மை, நம் மக்களில் சிலர் கையால் ரத்தம் சிந்தியது என்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லும்போது இரண்டாவதை விழுங்கிவிடுகிறோம்.

1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். மார்க் யான்ட்சி என்ற மெனோனைட் நன்னடத்தை அதிகாரி, அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். நீதிபதி ஒப்புக்கொண்டார். அவர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள், திட்டு வாங்கினார்கள், சில மாதங்களில் நஷ்டத்தைக் கட்டினார்கள். குற்றவாளியையும் பாதிக்கப்பட்டவரையும் நேருக்கு நேர் அமர்த்தும் முறை அங்கிருந்துதான் பல நாடுகளுக்குப் பரவியது.

உடைந்த கண்ணாடி வேறு, இறந்த மகன் வேறு. கொலைக்கு நீதிமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும். ஜெபக்கூட்டம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எல்மைராவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: கதவைத் தட்டப் போனவர்கள் தப்பு செய்த பக்கத்தவர்கள். ஆகவே அவர்களை உங்கள் மண்டபத்துக்கு அழைக்காதீர்கள். நீங்கள் அவர்கள் சபைக்குப் போங்கள். அவர்கள் போதகரிடம் முதலில் கேட்டுவிட்டு, நாலைந்து பேராக, கையில் ஒரு பானை பருப்புச் சூப்போடு போங்கள். முதல் வாரம் பேச வேண்டாம். பின்வரிசையில் உட்காருங்கள். அவர்கள் பேச ஆரம்பிக்கும் நாளில் காது கொடுங்கள். "எங்களுக்கும்தான்" என்ற சொல் நாக்குநுனியில் வந்து நிற்கும். அந்தச் சொல்லைத்தான் இந்த லெந்தில் நீங்கள் விட வேண்டும்.

"பெரிய வெள்ளியன்று என் பாட்டி மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போவார். நான் சபைக்குப் போவதால் வருடாவருடம் அழுகிறார். நான் என்ன செய்ய?" (டொங்காட், ஒரு தங்கை)

அந்தத் திருவிழா ஏன் பெரிய வெள்ளியில் வருகிறது என்று பாட்டியிடமே கேட்டுப் பாருங்கள். கரும்புத் தோட்டத்துக் கூலிகளுக்கு ஓய்வு கிடைத்த சில நாட்களில் ஈஸ்டர் விடுமுறையும் ஒன்று. கிடைத்த நாளில் அம்மனைக் கும்பிட்டார்கள். உங்கள் பாட்டியின் கண்ணீரில் அந்தத் தோட்டத்து நினைவும் கலந்திருக்கிறது.

காலை ஆராதனைக்குப் போங்கள், அதில் சமரசம் வேண்டாம். முடிந்ததும் பாட்டி வீட்டுக்குப் போய், அவர் திரும்பி வரும்போது கதவைத் திறக்க நீங்கள் இருங்கள். வெறுங்காலோடு வெயிலில் நடந்து வருவார். கால் கழுவத் தண்ணீர் வையுங்கள்.

"எங்கள் வீட்டுக் குழுவில் ஏழு பேர்தான். போதகரும் இல்லை. பெரிய வியாழனை எப்படி நடத்துவது?" (இசிபிங்கோ)

ஏழு பேர் தாராளம். முந்தின ஞாயிறே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் நான்கு நாள் அவகாசம் கிடைக்கும். வியாழன் மாலை யோவான் 13ஐ ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். விளக்கவுரை வேண்டாம். இரண்டு பேசின், ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு வாளி வெந்நீர். தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குப் பார்ப்போமே, அந்தச் சூடு. கீழே குனிய முடியாத பெரியவர்களுக்கு ஒரு முக்காலி போடுங்கள். விருப்பமில்லாதவர் கையை மட்டும் கழுவக் கொடுக்கலாம். ஏழாவது ஆளுக்கு ஜோடி இல்லாமல் போகும். அவரைத் தனியே விடாமல், முதலில் முடித்தவர் மறுபடியும் முழங்காலிடட்டும்.