ஐசக் ஸ்டீபன்சன்: மரக்கடைக்காரர் செனட்டர் ஆன கதை

‘மர வியாபாரி ஐசக் ஸ்டீபன்சன் காசு கொடுத்துத்தான் அமெரிக்க செனட்டர் ஆனாரா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.

1829இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். பதினாறு வயதில் விஸ்கான்சினுக்கு வந்து, மரம் வெட்டும் முகாம்களிலேயே தொழில் பழகினார். அன்றைக்குக் குளிர்காலத்தில் பைன் மரங்களை வெட்டிப் பனியில் இழுத்துவந்து ஆற்றங்கரையில் அடுக்குவார்கள்; பனி உருகியதும் தண்ணீரில் உருட்டிவிடுவார்கள். எந்தக் கட்டை யாருடையது என்று தெரிய வேண்டுமே? அதற்காக ஒவ்வொன்றின் நுனியிலும் சுத்தியலால் முதலாளியின் முத்திரையை அடித்துவிடுவார்கள். மெனாமினி ஆற்றங்கரையில் இருக்கும் மரினெட் ஊரில் இந்தத் தொழிலில்தான் அவர் கோடீஸ்வரர் ஆனார்.

1883 முதல் 1889 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். அப்புறம் சீர்திருத்தவாதி லா ஃபொலெட்டுக்குப் பண உதவி செய்தார். 1901இல் ஒரு பத்திரிகையே தொடங்கினார். 1907இல், எழுபத்தேழு வயதில், செனட்டர் ஆனார்.

சிக்கல் 1908இல் வந்தது. கட்சி வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் அவர் செலவழித்தது 1,07,793 டாலர். அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை! செனட் விசாரித்தது; 1912இல் 40க்கு 34 என்ற வாக்கில் பதவி தப்பியது. லஞ்சம் நிரூபணமாகவில்லை, சரி. ஆனால் 34 பேர் எதிர்த்து வாக்களித்தது சாதாரண விஷயமா என்ன? 1915 வரை பதவியில் இருந்தார். 1918இல் மரினெட்டில் காலமானார்.