கூப்பியோவின் மூன்று செரோக்கள்: கேள்வி பதில்

கே: இத்தாலியின் உம்ப்ரியாவில் உள்ள கூப்பியோவுக்கு ரயிலில் போகலாமா?

ப: ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ஃபொஸ்ஸாத்தோ தி விக்கோவில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள்.

கே: மே 15 'செரி' விழாவில் எத்தனை மெழுகுவத்தி ஏற்றுவார்கள்?

ப: ஒன்றுகூட இல்லை. பெயர்தான் மெழுகுவத்தி, பொருள் மரம். எண்கோணக் கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது ஒரு செரோ; பன்மையில் செரி. எடை சுமார் 300 கிலோ. உச்சியில் புனிதர் சிலை: கொத்தனார்களுக்கு உபால்தோ, வியாபாரிகளுக்கு ஜியோர்ஜியோ, குடியானவர்களுக்கு அந்தோனியோ. முறையே மஞ்சள், நீலம், கறுப்புச் சட்டை. நண்பகலில் சதுக்கத்தில் செரோவை நிமிர்த்தும்போது, குழுத்தலைவர் தண்ணீர் நிறைந்த பீங்கான் குடத்தை மேலிருந்து வீசுவார். உடைந்த சில்லுக்கு ஜனம் முட்டிமோதும், ராசியாம். சாயங்காலம் தோளில் தூக்கிக்கொண்டு இஞ்சினோ மலைக் கோயிலுக்கு ஓட்டப் பந்தயம். தோள் மாற்றுவதும் ஓடியபடியேதான். சந்துத் திருப்பத்தில் மட்டும் நிற்காதீர்கள்.

கே: போன வருஷம் ஜெயித்தது யார்?

ப: எந்த வருஷமும் உபால்தோதான் முதலில். அடுத்து ஜியோர்ஜியோ, கடைசியில் அந்தோனியோ. முந்தக் கூடாது.

கே: அப்புறம் எதற்குப் பந்தயம் என்கிறீர்கள்? இது நாடகம்.

ப: நாடகத்தில் தோள்பட்டை கன்றிப்போகாது ஐயா. செரோ சாயக் கூடாது, விழக் கூடாது, முன்னால் போகிறவர்களை விட்டு விலகக் கூடாது. மலைமேல் உபால்தோ ஆட்கள் உள்ளே நுழைந்ததும் கோயில் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். அதற்குள் எட்டிவிட ஜியோர்ஜியோ ஆட்கள் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். போட்டி அந்தக் கதவில் இருக்கிறது.

கே: கடைசி என்று தெரிந்தும் அந்தோனியோ ஆட்கள் ஓடுவானேன்? ஏமாளிகளா?

ப: இதை அந்த ஊரில் சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள். அப்பன் தூக்கிய செரோவை மகன் தூக்குகிறான்; வரிசை அவனுக்குப் பொருட்டில்லை. உம்ப்ரியாவின் கொடியிலேயே மூன்று செரோவும் இருக்கின்றன, முதலில் வருவது மட்டுமல்ல.

கே: வரிசையை மாற்றினால் சுவாரசியமாக இருக்குமே?

ப: மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

கே: அந்த ஊரில் விளையாட்டுக்குப் பைத்தியச் சான்றிதழ் தருவார்களாமே?

ப: நிஜம்தான். பார்ஜெல்லோ நீரூற்றை மூன்று சுற்று ஓடவேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் தண்ணீர் தெளிக்கவேண்டும்.

கே: விழா மெழுகுவத்தி எங்கே வாங்கலாம்?

ப: மரம்! மரம்!

கே: மலையேற முடியாதவர்கள்?

ப: மற்ற நாளில் கம்பிவட ஊர்தி உண்டு. கூண்டு மாதிரித் தொட்டி, நின்றபடி போகவேண்டும். விழாவன்று கீழேயே பாருங்கள். சந்துத் திருப்பத்தில் அல்ல.