வீட்டுக்கு எந்த அளவு புளூடூத் ஸ்பீக்கர்? கேள்வி பதில்

வீட்டில் பாட்டுக் கேட்க எந்த அளவு புளூடூத் ஸ்பீக்கர் வாங்குவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பேச வசதியாக நான்கு அளவுகள் வைத்துக்கொள்வோம்: உள்ளங்கையில் அடங்குவது, தண்ணீர் பாட்டில் அளவுள்ள நடுத்தரம், கைப்பிடி பிடித்துத் தூக்கிப்போகும் பெரியது, பேட்டரி இல்லாமல் மின்சாரத்தில் செருகி ஒரே இடத்தில் வைப்பது. விலையைப் பற்றிப் பேசப்போவதில்லை. சில பதில்கள் கறாராக இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஒரு ஸ்பீக்கரில் 30 வாட், இன்னொன்றில் 60 வாட் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவது இரட்டிப்புச் சத்தம் தரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்து வாட் மட்டும் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் கூடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. போதாக்குறைக்கு, கொடுத்த மின்சக்தியில் எவ்வளவு ஒலியாகிறது என்பது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். அந்தக் கணக்கைப் புளூடூத் ஸ்பீக்கர் பெட்டிகளில் யாரும் அச்சடிப்பதில்லை. பிஎம்பிஓ (கண நேர உச்ச மின்சக்தி) என்று ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை ஏதும் கிடையாது. பார்ப்பதானால் ஆர்எம்எஸ் வாட்டை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய மின்சக்தியைப் பாருங்கள். அதையும் ஒரே நிறுவனத்தின் இரண்டு அளவுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் குரல் தெளிவாக இருக்கிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிட்டாரும் காணாமல் போய்விடுகின்றன. விலை உயர்ந்த சின்ன ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?

கொஞ்சம் சரியாகும், முழுக்க ஆகாது. இங்கே குறுக்கே நிற்பது காற்று.

ஒலி என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுவதால் பிறக்கிறது. நொடிக்கு எத்தனை முறை அசைகிறது என்பதுதான் அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ்; எண் குறையக் குறைய ஓசை ஆழமாகும். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 100 ஹெர்ட்ஸில் சுகமாக ஆடும் கூம்பு, 50 ஹெர்ட்ஸில் அதே அளவு ஒலிக்க நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். 80 மில்லிமீட்டர் கூம்போடு ஒப்பிட்டால் 40 மில்லிமீட்டர் கூம்பின் பரப்பு கால்வாசிதான். எனவே அது இன்னும் நான்கு மடங்கு கூடுதலாக ஆட வேண்டும். அவ்வளவு ஆட அந்தக் குட்டிப் பெட்டிக்குள் இடம் ஏது? உள்ளங்கை அகல விசிறியால் கூடம் முழுவதற்கும் காற்று வீசச் சொல்வது போன்ற வேலை இது.

இதை ஒரு விதியாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். 1957-இல் தொடங்கிய கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரிலுள்ள கடைசி எழுத்துக்கு உரியவர் ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரால் வழங்கும் 'இரும்பு விதி' இப்படிப் போகிறது: பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், அடி ஓசை (பேஸ்) ஆழமாக இருக்க வேண்டும், குறைந்த மின்சக்தியில் நிறைய ஒலி வர வேண்டும், இந்த மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் பெற முடியும். புளூடூத் ஸ்பீக்கர் செய்பவர்கள் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிடுகிறார்கள். சின்னப் பெட்டிகளில் இத்தனை வாட் எதற்கு என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் துடிக்கிற ரப்பர் வட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பாசிவ் ரேடியேட்டர் என்று பெயர். அவற்றுக்கு மின்சாரம் கிடையாது. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் ஆடி, அடி ஓசைக்குக் கை கொடுக்கின்றன. இன்னொரு தந்திரமும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஓசையின் மேல் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸ்களை ஒலித்தால், இல்லாத 50-ஐ மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சில ஸ்பீக்கர்கள் இதை வேண்டுமென்றே செய்கின்றன. ராகம் புரியும், நெஞ்சில் அதிர்வு இருக்காது.

எண்ணில் பார்க்க வேண்டுமானால் ஒரே நிறுவனத்தின் வரிசையை எடுத்துக்கொள்ளலாம். ஜேபிஎல் வெளியிட்ட விவரப்படி, சுமார் 210 கிராம் எடையுள்ள கோ 3, 110 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 550 கிராம் ஃபிளிப் 6, 63 வரை. 960 கிராம் சார்ஜ் 5, 60 வரை. 6.7 கிலோ பூம்பாக்ஸ் 3, 40 வரை. வழக்கமான நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். இந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். உள்ளங்கையிலிருந்து பாட்டிலுக்குப் போகும்போது கிடைக்கும் லாபம் பெரியது. பாட்டில் அளவான ஃபிளிப்பிலிருந்து சார்ஜுக்குப் போனால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, ஆழம் 3 ஹெர்ட்ஸ்தான் கூடுகிறது; அங்கே நீங்கள் வாங்குவது கூடுதல் சத்தமும் பேட்டரியும். அதனால் உங்கள் பணத்தை விலை உயர்ந்த சின்னதில் போடாமல் ஒரு படி பெரியதில் போடுங்கள்.

கேள்வி: என் அறை 3 மீட்டருக்கு 3.5 மீட்டர். மேசையில் உட்கார்ந்து வேலை செய்தபடி கேட்பேன். கைப்பிடி வைத்த பெரிய ஸ்பீக்கர் வாங்கிவிடலாமா?

அறையின் அளவைச் சொல்லிவிட்டீர்கள்; காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அந்த அளவுக்குக் குறையாது; ஆனாலும் குறையும். மேசையில் ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றால் பாட்டில் அளவே தாராளம். பெரியதை அங்கே வைத்தால் கால்வாசிக்கு மேல் ஒலியைக் கூட்டவே மாட்டீர்கள், மேசையில் எழுத இடமும் இருக்காது.

கேள்வி: எங்கள் கூடமும் சாப்பாட்டு மேசையும் ஒரே நீளமான இடம். பெரியது ஒன்று வாங்குவதா, நடுத்தரம் இரண்டு வாங்கி இணைப்பதா? வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்.

நான் இரண்டு கட்சியிலும் கால் வைக்கிறேன். முதலில் இரண்டு நடுத்தரத்தின் பக்கம் பேசுகிறேன்.

ஒரே பெட்டிக்குள் இடது வலது என்று இரண்டு டிரைவர் (ஒலி எழுப்பும் கூம்பு) வைத்து 'ஸ்டீரியோ' என்று எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு சாண்கூட இருக்காது. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து வருவதாகத்தான் கேட்கும். தனித்தனியாக இரண்டு ஸ்பீக்கர்களை இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, நீங்களும் ஏறக்குறைய அதே தூரத்தில் உட்கார்ந்தால் பாடகர் நடுவில் நிற்பார், வயலின் ஒரு பக்கம் நகர்ந்துகொள்ளும். எவ்வளவு பெரிய ஒற்றைப் பெட்டியும் இதைத் தராது. இரண்டும் ஒரே ஓசையை ஒலிக்கையில் தாழ்ந்த அதிர்வெண்களில் 6 டெசிபெல் வரை கூடுதலாகவும் கிடைக்கும். நீளமான இடம் என்பதால் ஆளுக்கொரு மூலையில் வைத்தால், ஒரு முனையில் காது கிழியாமல் மறுமுனையிலும் பாட்டு கேட்கும்.

இனி அடுத்த கட்சி. இரண்டு 63 ஹெர்ட்ஸ் சேர்ந்து ஒரு 40 ஹெர்ட்ஸ் ஆகிவிடாது. முரசு, மின்னிசை, திரைப்பட வெடியோசை என்று உடம்பில் உணரும் ஓசைதான் உங்களுக்கு வேண்டுமென்றால் பெரியது ஒன்றுதான் வழி.

நீங்கள் எழுதியதில் சாப்பாட்டு மேசையும் வருகிறது, பேச்சும் வரும் என்று நினைக்கிறேன். அதனால் என் ஓட்டு இரண்டு நடுத்தரத்துக்கு. வாங்குமுன் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: ஸ்டீரியோ இணைப்புக்குப் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிதான் பொருந்தும். இன்று ஒன்று, அடுத்த ஆண்டு இன்னொன்று என்று தள்ளிப்போட்டால் அதற்குள் அந்த மாதிரியே சந்தையில் இல்லாமல் போகலாம்.

கேள்வி: கடையில் அதிர அதிரக் கேட்டது, வீட்டில் குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது. பழுதான ஸ்பீக்கரைத் தலையில் கட்டிவிட்டார்களா?

எங்கே வைத்திருக்கிறீர்கள்? அறை மூலையில், அலமாரித் தட்டுக்குள் என்றால் குற்றவாளி அலமாரிதான். சுவருக்கு அருகே வைத்தால் அடி ஓசை தூக்கலாகும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் இன்னும் கூடும். சின்ன ஸ்பீக்கருக்கு இது இலவச உதவி. பெரியதற்கு அதுவே வினை: அடி ஓசை பொங்கிக் குரலை மூடிவிடும். தட்டுக்குள்ளிருந்து வெளியே எடுங்கள், சுவரிலிருந்து அரை மீட்டராவது முன்னே நகர்த்துங்கள், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு ஏற்றுங்கள். மேல் அதிர்வெண்கள் நேர்க்கோட்டில் பாய்பவை. முழங்கால் உயரத்தில் வைத்தால் அவை சோபாவுக்குத்தான் கேட்கும். இவ்வளவு செய்தும் மாறவில்லை என்றால் பழுதைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: அண்ணா, விடுதி அறைக்கு இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கர் வாங்க ஆசை. சத்தம் குறைத்துத்தான் வைப்பேன், சத்தியமாக!

சத்தியத்தை நம்புகிறேன் தம்பி, சுவரை நம்பவில்லை. உயர்ந்த அதிர்வெண்களைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்தவை ஊடுருவிப் போய்விடும். பக்கத்து அறைக்காரனுக்குப் பாட்டு கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். படிக்கிற நேரத்தில் அதைவிடக் கொடுமை வேறில்லை.

உங்கள் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒலி குறையக் குறையக் காதின் அடி ஓசை உணர்வு வேகமாகக் குறைகிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே மெல்லிய ஒலியில் பெரிய ஸ்பீக்கர் நிறைவாகவும் சின்னது சப்பென்றும் கேட்பது உண்மைதான். இருந்தாலும் பாட்டில் அளவு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் வைக்காதீர்கள்.

கேள்வி: 78 வயது அம்மாவுக்குச் செய்தியும் சொற்பொழிவும் கேட்க வேண்டும். 'சத்தம் வருகிறது, சொல் புரியவில்லை' என்கிறார். பெரியது வாங்கித் தரலாமா?

வேண்டாம். சொற்களைப் பிரித்துக் காட்டுபவை மெய்யெழுத்துகள். அவை பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வாழ்கின்றன. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது, அதில் நாம் குடும்பக் கதையெல்லாம் பேசவில்லையா? பெரிய ஸ்பீக்கரின் அடி ஓசை அம்மாவுக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கும். சின்னதோ நடுத்தரமோ ஒன்றை அவர் நாற்காலிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், செயலியில் ஈக்குவலைசரைத் திறந்து அடி ஓசையைக் குறையுங்கள். பொத்தான்கள் விரலால் தடவித் தெரிந்துகொள்ளும்படி மேடாக இருக்க வேண்டும். அப்படியும் புரியவில்லை என்றால் காதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: 20 மணி நேரம் பேட்டரி என்றார்கள், எனக்கு 7 மணி நேரம்தான் வருகிறது.

மிதமான ஒலியில் அளந்த கணக்கு அது. ஒலியை முக்கால்வாசிக்கு மேல் வைத்தால் இப்படித்தான் கரையும். எப்போதும் முழுச் சத்தத்தில் வைக்கிறீர்கள் என்றால், ஒரு அளவு சின்னதாக வாங்கிவிட்டீர்கள் என்று பொருள். அலமாரியை விட்டு நகராத ஸ்பீக்கருக்குப் பேட்டரியே வேண்டியதில்லை. செருகி வைக்கும் வகையில் அதே பணத்துக்குப் பெரிய கூம்பு கிடைக்கும், சில ஆண்டுகளில் பேட்டரி தளரும் கவலையும் இல்லை.

கேள்வி: தொலைக்காட்சியோடு இணைத்தால் உதடு முன்னே போகிறது, குரல் பின்னே வருகிறது. பெரிய ஸ்பீக்கரில் சரியாகுமா?

அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்க நேரம் பிடிக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு, சமயத்தில் அதற்கும் மேல். தொலைக்காட்சி அமைப்பில் ஒலி ஒத்திசைவைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பி இணைப்புள்ள ஸ்பீக்கர்தான் வேண்டும். புதிய மாதிரிகள் பலவற்றில் கம்பி செருகும் துளையை எடுத்துவிட்டார்கள், விசாரித்து வாங்குங்கள்.

கேள்வி: குளியலறைக்கு?

ஐபி67 என்று போட்ட உள்ளங்கை அளவு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். சோப்பு நீரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஓடு பதித்த சுவர்கள் ஒலியைத் திருப்பி எறிவதால் சின்னதே பெரிதாகக் கேட்கும். சார்ஜ் துளை ஈரமாக இருக்கும்போது மின்சாரத்தில் செருகாதீர்கள்.

கேள்வி: எல்டிஏசி (புளூடூத்தில் கூடுதல் தரத்தில் ஒலியை அனுப்பும் முறை) இருக்கும் மாதிரிக்காகக் காத்திருக்கலாமா?

ஒற்றைப் பெட்டி ஸ்பீக்கருக்காகவா? காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கடையில் ஐந்து நிமிடம்தான் கேட்கவிடுகிறார்கள். எதைக் கவனிப்பது?

உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டை உங்கள் கைபேசியிலிருந்தே ஒலிக்கவிடுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அந்த ஸ்பீக்கருக்கென்றே பொறுக்கியது. முதலில் மிக மெல்லிய ஒலியில் கேளுங்கள். பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். சின்ன ஸ்பீக்கர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் கூம்பைக் காப்பாற்ற அடி ஓசையைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்போது பாட்டு திடீரென மெலிந்து குரல் கூச்சலாகும். அது எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் நீங்கள் வழக்கமாக வைக்கும் ஒலி அதற்குக் கீழே இருந்தால் அந்த அளவு போதும்.

கேள்வி: எனக்கு நடுத்தரம் போதும், கணவருக்குப் பூம்பாக்ஸ் அளவுதான் வேண்டுமாம். என்ன செய்ய?

அது ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் நீளம், 26 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலம். அந்த அளவில் ஒரு அட்டைப்பெட்டியை, ஸ்பீக்கர் வைக்க நினைத்த இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். தினமும் அதைத் தூக்கி அந்த இடத்தைத் துடைக்கும் வேலை அவருடையது, உள்ளே 6.7 கிலோவுக்கு ஏதாவது போட்டு வைக்க மறக்காதீர்கள்.