சி.ஐ.டி.பி.: உங்கள் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் பதில்

(சி.ஐ.டி.பி.: நோய் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையான மயலினைத் தாக்கும் நீண்டகால நோய். ஐ.வி.ஐ.ஜி.: தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தை ரத்தக் குழாய் வழியே ஏற்றும் சிகிச்சை.)

திருச்சி: அப்பாவுக்கு 62 வயது, பல வருடமாகச் சர்க்கரை. பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது. முதுகில் நீர் எடுத்ததில் புரதம் கொஞ்சம் கூடுதல். சி.ஐ.டி.பி. என்கிறார்கள். ஐ.வி.ஐ.ஜி. போடலாமா டாக்டர்?

பதில்: அவசரப்படாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புரதம் சற்றுக் கூடுவது சகஜம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டவே கூடாது. அப்பா கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா? பரண்மேல் இருப்பதை எடுக்க முடிகிறதா? வழக்கமான சி.ஐ.டி.பி.யில் தொடையும் தோளும் தளரும், சுத்தியலால் தட்டினால் கை, கால் துள்ளாது. பலவீனம் 8 வாரமாவது கூடிக்கொண்டே வந்திருக்கும். பாதத்தில் எரிச்சல் மட்டும்தான் என்றால் எனக்குச் சர்க்கரை மேல்தான் சந்தேகம். நரம்புக் கடத்தல் பரிசோதனையில் (நரம்பில் மின்சைகை ஓடுவதை அளப்பது) வேகம் நன்றாகக் குறைந்திருக்கிறதா, நடுவழியில் தடை இருக்கிறதா என்று கேளுங்கள். கால் சில்லிட்டிருந்தாலே வேகம் குறைவாகக் காட்டும். வெதுவெதுப்பாக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

சேலம்: பி12 ஊசி போட்டால் குணமாகுமா சார்?

பதில்: பி12 குறைபாடு இருந்தால் அதற்கு உதவும். சி.ஐ.டி.பி.க்கு மருந்து அல்ல.

நெல்லை: ஐ.வி.ஐ.ஜி. எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டீராய்டு விஷம் என்கிறார்களே?

கோவை: நெல்லைக்காரரே, என்னை எழுந்து நடக்க வைத்ததே ஸ்டீராய்டுதான்!

மதுரை: எனக்கு அதே மாத்திரையில்தான் கை இன்னும் விழுந்தது. யாரும் தொடாதீர்கள்.

பதில்: இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதே. சி.ஐ.டி.பி.க்கு ஸ்டீராய்டும் முதல்நிலை மருந்துதான். ஐ.வி.ஐ.ஜி. கிலோவுக்கு 2 கிராம், 60 கிலோ எடைக்கு 120 கிராம். அதன் பிறகும் தொடர வேண்டிவரும். செலவு எனக்குப் புரிகிறது. ஆனால் மதுரைக்காரரே, உணர்ச்சி குறையாமல் கை மட்டும் விழுந்ததா? அப்படியானால் அது எம்.எம்.என். என்ற வேறு நோயாக இருக்கலாம். அதில் ஸ்டீராய்டு பலன் தராது, மோசமாக்கவும் கூடும், ஐ.வி.ஐ.ஜி.தான் வழி. நெல்லை, தொடங்குமுன் சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் பாருங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

ஈரோடு: பி12 மாத்திரையாகச் சாப்பிடலாமா?

பதில்: சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சை: தம்பிக்கு ஐ.வி.ஐ.ஜி. இரண்டு முறை போட்டும் பலனில்லை. கை நடுக்கம் வேறு.

பதில்: நியூரோஃபாசின் 155 என்ற நரம்புப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் ரிட்டுக்ஸிமாப் (எதிர்ப்புப் புரதம் உருவாவதைக் குறைக்கும் மருந்து) பெரும்பாலும் கைகொடுக்கும். ரத்தத்தில் எம் புரதமும் (பிளாஸ்மா அணுக்கள் அளவுமீறிச் சுரக்கும் புரதம்) பார்க்கட்டும். அந்த அணுக்களால் வரும் அரிய நோயான போயம்ஸ், சி.ஐ.டி.பி. வேஷத்திலேயே வரும்.

கரூர்: ஒரு வாரமாகக் கால் விழுந்து, இன்று மூச்சு வாங்குகிறது. பி12...

பதில்: இது ஜி.பி.எஸ். ஆக இருக்கலாம் (இதுவும் நோய் எதிர்ப்பு சக்தி நரம்பைத் தாக்குவதுதான், ஆனால் வேகமாக முற்றும்). இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.